பூண்டிக்கு எங்கே இறங்குவது?

எங்கள் கொடைக்கானல் மலைக்கு வருகிறவர்களுக்காக இணையத்தில் யாரோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். 'அருகிலுள்ள விமான நிலையம்' என்று தொடங்கும். அதை எழுதியவர் என் கையில் கிடைத்தால் அடிக்க மாட்டேன். மன்னவனூர் தாண்டி ஒரு வளைவில், மழை பிடிக்கப்போகும் பிற்பகலில், பெட்டியும் கையுமாக இறக்கிவிட்டு, "பக்கந்தான், நடந்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அருகில் என்றால் யாருக்கு அருகில்? நேரே பறக்கிற காக்கைக்கா? காக்கை எதற்கு ஐயா விமானத்தில் வரப்போகிறது?

அதே பக்கத்தில் பூண்டியைப் பற்றியும் எழுதியிருக்கிறது. 'ஒளிந்து கிடக்கும் சொர்க்கம்.' ஒளிந்து கிடக்கிறதாம்! யாருக்குப் பயந்து? என் தங்கை செலின் அங்கே பூண்டும் கேரட்டும் போட்டுப் பிழைக்கிறாள். காலையில் கதவைத் திறந்தால் எதிர்மலை அவள் முகத்துக்கு நேரே நிற்கிறது. அவளுக்கு அதுதான் உலகத்தின் நடு. சென்னைதான் எங்கோ மூலையில் ஒளிந்து கிடக்கிறது.

செலினின் மகள் ரோஸிக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். சனிக்கிழமை காலை, பூண்டித் தேவாலயத்தில். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் கோயிலுக்குப் புறப்படும்போது தாய்மாமன் கைபிடித்து வீட்டுப் படியிலிருந்து இறக்கிவிட வேண்டும். மாமன் ஊரில் இல்லையென்றால் மாமன் பேரைச் சொல்லி ஒரு குடையைக் கொடுப்பார்கள். பெண் அதை மடக்கியபடியே கையில் பிடித்துக்கொண்டு இறங்குவாள். நான் குடையோடுதான் இறங்கினேன். செலினும் குடையோடுதான் இறங்கினாள். எங்கள் அம்மாவின் தம்பி கடலுக்கு அந்தப்பக்கம், தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்.

ரோஸி கறாராகச் சொல்லிவிட்டாள். "குடையெல்லாம் எனக்கு வேணாம் பெரியம்மா. அந்தோணி மாமா வந்தாத்தான் எறங்குவேன். வரலைன்னா ஃபாதர இங்க வரச்சொல்லுங்க."

அந்தோணி எங்கள் அண்ணன். சிலோனிலிருந்து எங்கள் குடும்பத்தைத் திருப்பி அனுப்பியபோது, காகிதத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் அவன் பேர் விழவில்லை. சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது போன் திரையில் வருகிற மீசை நரைத்துவிட்டது. அவன் தோட்டத்துக்கு மேலே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வெள்ளைக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டுவதுதான் அவன் வேலை.

அவன் எங்கே இறங்குவது என்பதற்குத்தான் அத்தனை சண்டையும்.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம் செலின் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். செலின் புருஷன் சூசை மதுரைதான் என்றார். அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் பால்ராஜ், டாக்சி ஓட்டுகிறவர், கோயம்புத்தூர் என்று அடித்துப் பேசினார். "டீச்சர், வத்தலக்குண்டு ரோட்டுல வீக்எண்டு ஏறுனீங்கன்னா கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்துக்குத்தான் வருவீங்க. பழனி வழியா வாங்க, வெரசா வந்துரலாம்." பக்கத்துத் தோட்டத்துக்காரர் எதற்கும் திருச்சியைப் பார்க்கச் சொன்னார். அவர் மகன் அங்கே படித்தானாம். அதுதான் காரணம்.

அண்ணன் பக்கமும் குழப்பம். பூண்டிக்குப் போகிறேன் என்று அங்கே ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். "மாதா கோயில் பூண்டியா? திருச்சியில எறங்கு" என்றாராம். இன்னொருவர், "சாமிமலை ஏறுறாங்களே, அந்தப் பூண்டி. கோயம்புத்தூர்ல எறங்கு." மூன்றாவது ஆள் ஏரி இருக்கிற பூண்டியைச் சொல்லிச் சென்னையில் இறக்கப் பார்த்திருக்கிறார். தமிழ்நாட்டில் ஊருக்குப் பேர் வைத்தவர்களுக்கு வேறு பேரே கிடைக்கவில்லையா?

"அண்ணே, பூண்டு வெளையிற பூண்டி. மதுரையில எறங்குங்க. நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றேன்.

"சரி தங்கச்சி. ஒங்க ஊருக்கு அடையாளம் என்னா?"

"வீட்டுக்கு மேக்கால காடு. காட்டுக்கு அந்தப்பக்கம் கேரளா. அங்க ஒரு பார்க் இருக்கு, பாம்பாடும் சோலைன்னு."

"பார்க் இருக்கா!" என்றான். குரலில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வெள்ளனே பால்ராஜ் வண்டியில் மலையிறங்கினேன். எங்கள் ஊர்க்காரர்கள் கீழே போகும்போது ஸ்வெட்டரைக் கழற்ற மறந்துவிடுவோம். வத்தலக்குண்டில் காப்பி குடிக்க இறங்கியவுடன் வெயில் வந்து முதுகில் அறையும், அப்போதுதான் ஞாபகம் வரும். பரோட்டாக் கடை வாசலில் ஸ்வெட்டரை உரித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம், மலைக்காரர்கள். அங்கே சாப்பிட்ட இட்லிக்கு ஊற்றிய சட்னியில் தேங்காயைத் தேடினேன். தேங்காய் அந்தத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுப் போயிருக்கும் போல.

மதுரை விமான நிலையத்து வாசலில், 'அந்தோணி அண்ணன்' என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி நின்றேன். கொழும்பு விமானம் வந்தது. ஆட்கள் வந்தார்கள். அட்டைப்பெட்டி கட்டியவர்கள், காவி கட்டியவர்கள், கழுத்துத் தலையணையைக் கழற்றாதவர்கள். நரைத்த மீசைகளை எல்லாம் உற்றுப் பார்த்தேன். ஒரு மீசை என்னை முறைத்துவிட்டுப் போனது. கூட்டம் வடிந்து, தரை துடைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

போன் அடித்தது.

"தங்கச்சி, நான் எறங்கிட்டேன். நீ எங்க நிக்கிற?"

"வாசல்லதான் நிக்கிறேன்."

"நானும் வாசல்லதான் நிக்கிறேன்."

"என்ன சட்டை?"

"நீலம். நீ?"

"பச்சை சேலை. கையத் தூக்குங்க."

"தூக்கிட்டேன்."

நானும் தூக்கினேன். மதுரையில் நான் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பால்ராஜ் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "டீச்சர், யாரக் கூப்புடுறீங்க?" என்றார்.

"அண்ணே, போர்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"அதுதான் தங்கச்சி வேடிக்கையா இருக்கு. எழுத்தெல்லாம் நம்ம சிங்களம் மாதிரி வட்ட வட்டமா இருக்கு. ஆனா ஒண்ணும் படிக்க வரல."

எனக்குக் கை இறங்கிவிட்டது. வட்ட வட்டமாக எழுதுகிற ஊர் எதுவென்று எனக்குத் தெரியும். கொச்சி.

அவன் விளக்கம் சொன்னான். அது விளக்கம் அல்ல, பாடம். "ஊர் பேர வச்சு ஏர்போர்ட் தேடக் கூடாது தங்கச்சி. ஊரு நாலு இருக்கும். பார்க்கு ஒண்ணுதான் இருக்கும். எங்கிட்ட வர்ற வெள்ளைக்காரன் எல்லாம் அப்புடித்தான் வர்றான். பார்க்கத் தேடுவான், பக்கத்து ஏர்போர்ட்டு எதுன்னு பார்ப்பான், வந்து எறங்கிருவான். ஒரு நாளும் தப்பினதில்ல. ஒங்க பார்க்குக்கு இந்த ஏர்போர்ட்டுத்தான் போட்டுருக்கு. நீயும் இங்கதான் வருவேன்னு நெனச்சேன்."

"அது அந்தப்பக்கத்துப் பார்க்குண்ணே! நடுவுல மலை இருக்கு!"

"மலைதானே?" என்றான்.

அந்த 'மலைதானே'யில்தான் எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையும் பிரிந்து கிடந்தது. தேயிலைத் தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற ஒரு துண்டு நிலம். இன்றைக்கு ஏழாம் நம்பர் மலை, நாளைக்கு எட்டாம் நம்பர் மலை. காலையில் ஏறி மாலையில் இறங்கி வந்துவிடலாம். என் மலை அப்படி இல்லை. ஒரு காலத்தில் கொடைக்கானலையும் மூணாறையும் அதன் தோள் வழியாக ஒரு சாலை சேர்த்தது. இப்போது அது மூடிக் கிடக்கிறது. காட்டின் நன்மைக்கு என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அதற்குப் பதிலாக எங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? அந்தப்பக்கம் தெரிகிற விளக்கிலிருந்து இங்கே வருவதற்குப் போடி, தேனி என்று சமவெளி முழுக்கச் சுற்றி, மறுபடி வத்தலக்குண்டில் ஏறி, கொடைக்கானலைக் கடந்து வரவேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பார்களே, நாங்கள் ஊரையே சுற்றுகிறோம்.

"மூணாறுக்கு பஸ் இருக்காம். ராத்திரி அங்க படுத்துட்டு, காலையில பார்க்குக்கு வந்துர்றேன். நீ சும்மா பதறாத" என்று வைத்துவிட்டான்.

பதறாமல் மலையேறினோம். ஏறினோம் என்பது பேச்சுக்குத்தான். நுழைவுச் சோதனையில் பாஸ் காட்டுவதற்காக வண்டிகள் வால் நீட்டி நின்றன. முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. அதற்கு முன்னால் நின்ற காரிலிருந்து கூரையைத் திறந்து ஒருவர் எழுந்து நின்று, தன் முகத்தையும் எங்கள் பள்ளத்தாக்கையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தார். பள்ளத்தாக்கு பாவம், தோளுக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்திருக்கும். அருவிக்கு முன்னால் சாலையின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் குரங்குக்குச் சிப்ஸ் கொடுத்தார்கள். குரங்குக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு அம்மா சொல்ல, இன்னொருவர் அதற்குத் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார். பாட்டில் பள்ளத்தில் போயிற்று.

பால்ராஜ் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "ஏலே, எடுறா வண்டிய! எங்களுக்கு மேல சோலி கெடக்கு!"

பக்கத்துக் காரிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் சிரித்தபடி என்னிடம் கேட்டார். "மேடம் லோக்கலா? பூண்டின்னு சொல்றாங்களே, அங்க பார்க்க என்ன இருக்கு?"

"ஆட்கள் இருக்கிறார்கள்" என்றேன்.

"இல்ல, வியூ பாயின்ட் மாதிரி?"

கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அந்த நெரிசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்களைக் கப்பலில் ஏற்றி இராமேஸ்வரத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து முகாமில் இறக்கினார்கள். முகாமிலிருந்து லாரியில் ஏற்றி, குளிர் தெரிந்தவர்கள்தானே என்று இந்த மலையில் இறக்கினார்கள். எங்கே இறங்குகிறீர்கள் என்று அப்பாவிடம் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டதில்லை. எங்கள் வம்சத்திலேயே தான் இறங்க வேண்டிய இடத்தைத் தானே பார்த்து வைத்த முதல் ஆள் அந்தோணி. அவனும் பாவி, தப்பான இடத்தைப் பார்த்து வைத்தான். ஆனாலும் அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் சேர்த்து அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் மேல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை பூண்டி போய்ச் சேர்ந்தேன். வீடு முழுக்கப் பூண்டு மணம். முற்றத்தில் உரித்த பூண்டு ஒரு மலை, உரிக்காதது ஒரு மலை. கல்யாணப் பிரியாணிக்கு வெளியூரில் பூண்டு வாங்கவேண்டியதில்லை என்பதுதான் எங்கள் ஊரின் ஒரே பணக்காரத்தனம். ரோஸி மருதாணிக் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செலின் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"எங்க அண்ணன்?"

சொன்னேன். அவள் பூண்டு உரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அழுகை நிற்கவில்லை. அது எதனால் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மதியம் போன் வந்தது. விட்டு விட்டுக் கேட்டது.

"தங்கச்சி, பார்க்குக்குள்ள வந்துட்டேன்... இதுவா பார்க்கு? எங்க பார்க்க ஒரு சுத்து சுத்துனா அர நாள் போகும். இது தும்முறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு... மரமெல்லாம் நல்லா இருக்கு, பாசி புடிச்சு..." பிறகு கொஞ்சம் காற்று. "இங்க கோவிலூர்னு ஒரு ஊர்ல நிக்கிறேன். இங்கயும் பூண்டுதான் வச்சிருக்காய்ங்க. தேத்தண்ணி குடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா, எதுக்க ஒரு மலை. அந்தக் கடைக்காரர் சொல்றாரு, அதுக்கு அங்கிட்டு எறங்குனா ஒங்க பக்கமாம்."

"அண்ணே, வண்டி புடிச்சு போடி வழியா வாங்க. இப்பவே கெளம்புங்க."

சூசை என் கையிலிருந்து போனை வாங்கினார். "மச்சான், வண்டியில வராதீங்க. மலையேத்தத்துல சிக்குனா நாளைக்குப் பொழுது சாய்ஞ்சுரும். நாளைக்கு விடிய அங்க இருந்து பொம்பளைக பூண்டு எடுக்க இங்கிட்டு நடந்து வருவாக. கிளாவரை வழி. அவுக கூட வந்துருங்க. தனியா மட்டும் வராதீங்க, காட்டுமாடு கெடக்கு."

"மாமாவுக்கு அறுபது ஆகப்போகுது, அப்பா!" என்று ரோஸி உள்ளிருந்து கத்தினாள்.

"நீ பேசாத. ஒன்னாலதான் இத்தனையும்."

"நான் என்ன பண்ணேன்? நானா கொச்சியில எறங்கச் சொன்னேன்?"

செலின் எழுந்து போய்ப் பரணிலிருந்து எங்கள் பழைய குடையை எடுத்துத் தூசி தட்டினாள். ரோஸி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை. சாலை முடிகிற கிளாவரையில் போய் நின்றேன். சாலை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை, ஒரு நாய், அப்புறம் பனி. சாலையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்களுக்கு இந்த இடத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல். போதும், இதற்கு மேல் யாருக்கு யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். நான் ஓயாமல் காட்டுப் பக்கம் பார்ப்பதைப் பார்த்தார்.

"யாரம்மா வர்றாங்க? டூரிஸ்ட்டா? இந்தப் பக்கம் டூரிஸ்ட்ட விட மாட்டோம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "டூரிஸ்ட்டா?" என்றேன். "நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அவனப் பார்த்து. இன்னிக்குக் காலையில கல்யாணம். தாய்மாமனுங்க அவன்! தாய்மாமனுக்கும் ஒரு பாஸ் வச்சிருக்கீங்களா? இருந்தாச் சொல்லுங்க, அதையும் வாங்கிர்றேன்!"

நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. காவலர் கிளாசை வைத்தார்.

"ஏன் இப்புடி கத்துறீங்க? தாய்மாமன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றார். பிறகு கடைக்காரரிடம், "அம்மாவுக்கு ஒரு டீ போடுங்க. இஞ்சி தட்டிப் போடுங்க."

நான் இஞ்சி டீயைக் குடிக்கவில்லை. ஆறிப்போயிற்று.

பனிக்குள்ளிருந்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பெண்கள் வந்தார்கள், இடுப்பில் சாக்கும் தலையில் துண்டுமாக. முன்னால் வந்தவள் தலையில் ஒரு சக்கரப் பெட்டி இருந்தது. அதன் சக்கரங்கள் காற்றில் சும்மா சுற்றின. கடைசியில், ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் தேயிலைப் பொட்டலமுமாக, நீலச் சட்டை. காற்சட்டை முழுக்க ஒட்டுமுள்.

பெட்டி சுமந்தவள் என்னிடம் சொன்னாள். "ஒங்க அண்ணனாக்கா? வழியெல்லாம் ஒரே பேச்சு. எங்க மரத்துக்கெல்லாம் எங்களுக்கே பேர் சொல்லித் தாராரு. பாதி தப்பு."

அவன் எனக்கு முன்னால் வந்து நின்றான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். நான் என்ன சொல்வானோ என்று நின்றேன்.

"என்னா தங்கச்சி, இம்புட்டு வளந்துட்ட" என்றான்.

ஐம்பது வயதுக்காரி நடுரோட்டில் நின்று அழுதேன். காவலர் திரும்பிக்கொண்டு நாயைத் தடவிக் கொடுத்தார்.

பால்ராஜ் பூண்டி வரை ஹார்னை விட்டுக் கையை எடுக்கவில்லை. இந்த ஒரு முறை மட்டும் அந்தச் சத்தத்தை நான் திட்டவில்லை. கோயில் மணி முதல் தடவை அடித்துவிட்டது. பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "பொண்ணு எறங்கலையா? குடை இருக்குல்ல?" என்று கேட்பது எனக்குக் கேட்டது. மேலே வாசலில், வெள்ளைச் சேலையும் தலையில் முக்காடுமாக ரோஸி அசையாமல் நின்றாள். பக்கத்தில் செலின், குடையோடு.

அண்ணன் வண்டியிலிருந்து குதித்தான். முள் ஒட்டிய காற்சட்டையோடு படியேறினான். செலினைக் கடக்கும்போது அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான், அத்தனை வருஷத்துக்கும். அவள் குடையைத் தூணில் சாய்த்துவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னும் வெரசா வந்திருக்கலாம்ல மாமா?" என்றாள் ரோஸி.

"ஒங்க பெரியம்மாவக் கேளு. நான் பார்க்குல வந்து நின்னா, அவ மதுரையில போயி நிக்கிறா."

பந்தல் சிரித்தது. திரும்பிப் போகும்போது அவர் எந்த ஏர்போர்ட்டில் ஏறவேண்டும் என்று பின்வரிசையில் அதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. மதுரை என்றார் ஒருவர். கோயம்புத்தூர் என்று பால்ராஜ் குரல் கேட்டது.

அண்ணன் காதில் அது எதுவும் விழவில்லை. மருதாணிக் கையைத் தன் கையில் வாங்கினான். படியில் ராத்திரி மழைத் தண்ணீர் நின்றிருந்தது. குனிந்து, எந்தக் கல் வழுக்கும் என்று பார்ப்பவன் போல் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளிடம் கேட்டான்.

"இங்கதானே புள்ள எறங்கணும்?"

"இங்கதான் மாமா."

"நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றான். முதல் படியில் காலை வைத்தான்.